“உங்களுக்கு ட்ரேடர் மைண்டு சார்” என்று போன் வந்தால் உடனே கட் பண்ணுங்கள்: 48,500 ரூபாய் போனவன் எழுதுகிறேன்

ஆத்திரத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 48,500 ரூபாய். “ரீஃபண்ட் கிடையாது” என்று இன்று மதியம் கடைசி மெசேஜ் போட்டுவிட்டு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். ஆப்ஷன் ட்ரேடிங் (பங்கு விலை ஏறுமா இறங்குமா என்று கணித்து ஒப்பந்தங்களை வாங்கி விற்பது) கற்றுத்தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் ஒரு ஆன்லைன் பயிற்சி மையம். பெயர் போடவில்லை. பெயரைப் போட்டு எழுதிய ஒருவரை வக்கீல் நோட்டீஸ் என்று மிரட்டி எடுக்க வைத்திருக்கிறார்கள். பெயர் தெரிந்தும் பிரயோஜனம் இல்லை, இந்த வகை மையங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவைதான்.

99 ரூபாய் வெபினாரில்தான் ஆரம்பித்தது. நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவன். எண்களைக் காட்டி என்னை ஏமாற்றுவது லேசில்லை. ஆனால் வெபினார் நடத்திய ஆள் பொய்க் கணக்கே காட்டவில்லை, அதுதான் சாமர்த்தியம். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வைத் திரையில் போட்டார். 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வியாபாரம்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், சராசரியாக ஆளுக்கு ஏறக்குறைய 2 லட்சம், மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். எல்லாம் உண்மையான கணக்கு. அவரே நிறுத்தி நிதானமாக வாசித்தார். அப்புறம் கேட்டார்: “இப்ப சாட்ல டைப் பண்ணுங்க. நீங்க 93-ல ஒருத்தரா, 7-ல ஒருத்தரா?”

சாட் முழுக்க 7, 7, 7, 7. மழை மாதிரி கொட்டியது. ஒரு ஆள்கூட 93 என்று போடவில்லை. நானும் 7 என்றுதான் போட்டேன், வேறு என்ன போடுவது?

அடுத்தது இலவசத் “திறன் தேர்வு”. நஷ்டம் வந்தால் பதறுவீர்களா? கூட்டத்தோடு ஓடுவீர்களா, சொந்தமாக யோசிப்பீர்களா? இப்படித்தான் கேள்விகள். ஒன்றில்கூட டெல்டா என்றால் என்ன, பிரீமியம் ஏன் தேய்கிறது என்று ஆப்ஷனின் அரிச்சுவடியைக் கேட்கவில்லை. மறுநாள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு மொட்டை மாடியில் நடந்துகொண்டிருக்கும்போது போன். பேசியது ஒரு சின்னப் பையன், குரலில் அவ்வளவு மரியாதை. “சார், ஏ கிரேடு ரொம்பக் கம்மி பேருக்குத்தான் வரும். உங்களுக்கு வந்திருக்கு. அக்கவுண்ட்ஸ்ல இருக்கீங்கல்ல, அதான் சார். ட்ரேடர் மைண்டு உங்களுக்கு இயல்பாவே இருக்கு. இந்த பேட்ச் எல்லாருக்கும் குடுக்கறதில்ல.” பணத்தைப் பற்றி அவன் பேசவே இல்லை. எவ்வளவு என்று நான்தான் கேட்டேன். 48,500. மாடியை விட்டு இறங்குவதற்குள் ஜிபே போய்விட்டது.

வகுப்பு என்று வந்ததெல்லாம் பழைய ரெக்கார்டிங். யூடியூபில் சும்மா கிடைக்கிற சரக்கு. பயிற்சி ட்ரேடில் லாபம் வந்தால் “பாத்தீங்களா சார், உங்க டேலண்ட்” என்பார்கள். நஷ்டம் வந்தால் “ஆபரேட்டர் மார்க்கெட்டை இழுத்துட்டான்”, அதாவது பெரிய பணக்காரன் எவனோ விலையை ஆட்டிவிட்டானாம். சொந்தப் பணத்தில் செய்து போனது எவ்வளவு என்று கேட்காதீர்கள், அது வேறு கணக்கு.

பேட்சில் சிலர் தனியாக ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. “உங்களுக்கு என்ன கிரேடு?” என்று ஒருவர் கேட்டார். ஏ. எனக்கும் ஏ. எனக்கும். எல்லோருக்கும் ஏ. ஈரோட்டுக்காரர் ஒருவர் எட்டாவது படிக்கும் மகனை உட்கார வைத்து வேறு நம்பரில் தேர்வு எழுத வைத்தார். பையனுக்கும் ஏ கிரேடு, பையனுக்கும் போன்!

கோபத்தில் இதைத் தேடிப் படித்தேன். மற்றவரைவிட நான் மேல் என்று எல்லோரும் நினைப்பதைப் பிடித்து ஆளை வளைப்பது பழைய வித்தை. ஓலா ஸ்வென்சன் என்ற உளவியல் ஆய்வாளர் 1981-இல் வெளியிட்ட ஆய்வில், கார் ஓட்டும் திறமையில் மேல்பாதியில் இருப்பதாகத் தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள் அமெரிக்கக் குழுவில் 93 சதவீதம், ஸ்வீடன் குழுவில் 69 சதவீதம். மேல்பாதியில் நூற்றுக்கு 50 பேருக்குத்தானே இடம்? 1999-இல் க்ரூகர், டன்னிங் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களுக்குத் தர்க்கம், இலக்கணம் எல்லாவற்றிலும் தேர்வு வைத்துப் பார்த்தார்கள். கடைசிக் கால்பகுதியில் வந்தவர்கள் நூறு படியில் கீழிருந்து சராசரியாக 12-ஆம் படியில் இருந்துகொண்டு தாங்கள் 62-ஆம் படியில் இருப்பதாக நினைத்தார்களாம். தப்பைக் கண்டுபிடிக்கவும் அதே திறமைதான் வேண்டும், அது இல்லாதவனுக்குத் தப்பு எப்படித் தெரியும்?

இந்த மையத்துக்காரன் பிடித்துக்கொண்ட நூல் இன்னொன்று. துல்லியமாக அளந்து பார்க்க முடிகிற விஷயத்தில் ஆள் அவ்வளவாக உயர்த்திச் சொல்ல மாட்டான். நூறு மீட்டர் எத்தனை நொடியில் ஓடுவாய் என்றால் அடக்கி வாசிப்பான். “நிதானம்”, “உள்ளுணர்வு”, “ஒழுக்கம்” என்று கேட்டால், தனக்கு எது வருமோ அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டு மார்க் போட்டுக்கொள்வான். நல்ல டிரைவர் என்றால் வேகமாக ஓட்டுகிறவனுக்கு வேகம், மெதுவாக ஓட்டுகிறவனுக்கு ஜாக்கிரதை. அந்தத் தேர்வில் ஒரு கணக்குக் கேள்விகூட இல்லாதது ஏன் என்று இப்போது புரிகிறதா?

புரோக்கர் ஆப்பைத் திறந்தாலே “10-இல் 9 பேருக்கு நஷ்டம்” என்று செபி சொல்லிப் போடவைத்த கட்டம் வருகிறது. ஓகே தட்டிவிட்டுப் போகிறோம். அது அந்த 9 பேருக்கான கட்டமாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது நடந்த கூத்தைச் சொல்கிறேன். முதலில் “சீனியர் பேசுவார் சார்”. சீனியர் பேசவில்லை. அப்புறம் “டிக்கெட் ரெய்ஸ் பண்ணியிருக்கோம்”. அப்புறம் ஒரு மேடம்: “மெத்தட்ல தப்பே இல்ல சார், நீங்க டிசிப்ளினா ஃபாலோ பண்ணல. ஆனா உங்களுக்கு பொட்டென்ஷியல் இருக்கு, 1,10,000 ரூபாய் மென்டர்ஷிப்ல சேர்ந்தா சரியாயிடும்.” 48,500-ஐக் கேட்கப் போனவனிடம் 1,10,000! அதிலும் சேர்ந்த ஒருவர் குழுவில் இருக்கிறார், பாவம். நானாவது 48,500-ஓடு நிறுத்தினேன். குழுவில் யாரிடம் பேசினாலும் “மத்தவங்க பேராசையில விழுந்தாங்க, நான் நல்லா விசாரிச்சுட்டுத்தான் சேர்ந்தேன்” என்கிறார்கள். நான் நிஜமாகவே விசாரித்தேன், ரிவ்யூ எல்லாம் படித்தேன்.

பில்லைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் ஜிஎஸ்டி எண் இல்லை. விவரம் என்ற இடத்தில் “ஆளுமை வளர்ச்சி அமர்வு”. ட்ரேடிங் என்ற சொல்லே கிடையாது. பணம் போனதும் ஒரு தனி ஆளின் கணக்குக்கு.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், குழுவிலிருந்து போன் மேல் போன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆலோசனை சொல்கிறவருக்குச் செபி பதிவு எண் இருக்கிறதா என்று செபி தளத்திலேயே பாருங்கள், அவர் அனுப்பும் படத்தை நம்பாதீர்கள். “நாங்க எஜுகேஷன் மட்டும்தான்” என்பார்கள். அப்படியென்றால் கடைசி மூன்று மாத விலையை வைத்துப் பாடம் நடத்தக்கூடாது என்று 2025 ஜனவரியில் செபி சுற்றறிக்கையே போட்டது. லைவ் சார்ட் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். தனி ஆள் கணக்குக்குப் பணம் போடாதீர்கள். போட்டுவிட்டால் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு உடனே அடியுங்கள், நுகர்வோர் புகாருக்கு 1915. சாட் மெசேஜ்களையெல்லாம் இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அவர்கள் பக்கம் மெசேஜ் தானாக அழியும்படி வைத்திருக்கிறார்கள். என்னுடையதில் பாதி போய்விட்டது.