ஓன் நுட் சந்துக்குள் ஒரு தெற்கத்திக் குழம்புக் கடை: ஏழு வருட அனுபவம்

பாங்காக்கில் ஓன் நுட் ரயில் நிலையத்தில் இறங்கி, சந்துக்குள் பத்து நிமிடம் நடந்தால் அந்தக் கடை வரும். தகரக் கூரை, ஆறு எஃகு மேசை, முன்னால் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னே பதினைந்து தட்டுகளில் குழம்பும் வறுவலும். ஏசி கிடையாது, பலகை முழுக்கத் தாய்லாந்து எழுத்து. 2018 ஜூனில் வேலைக்காக இந்தப் பக்கம் குடிவந்தேன். முதல் மூன்று மாதம் தினமும் அந்தக் கடையைத் தாண்டித்தான் போனேன், உள்ளே போகத் தோன்றவே இல்லை.

ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது, ஒதுங்கினேன். வெளிநாட்டுக்காரன் என்று பார்த்ததும் படம் போட்ட அட்டை ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். பத் தாய் நூடுல்ஸ், வறுத்த சோறு, தொம் யாம் சூப். பத் தாய் வாங்கிச் சாப்பிட்டேன். சுமார்தான். இன்றைக்கும் சொல்கிறேன், அந்த அட்டையில் இருக்கும் எதையும் அங்கே வாங்காதீர்கள். அந்தக் கடை சமைக்கப் பிறந்தது அதற்கில்லை.

பக்கத்து மேசையில் ஆரஞ்சு நிற மேலங்கி போட்ட பைக் டாக்சிக்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் தட்டில் மஞ்சளாக, எண்ணெய் இல்லாமல் உதிரி உதிரியாக ஒரு கறி. மூக்கில் மஞ்சளும் மிளகும் ஏறியது. மறுநாள் போய்க் கையைக் காட்டி அதையே கேட்டேன். அதுதான் குவா கிலிங்.

கொத்திய பன்றிக்கறியை மிளகாய், மஞ்சள், எலுமிச்சைப் புல், பேரரத்தை, மிளகு எல்லாம் இடித்த விழுதோடு சேர்த்துத் தண்ணீர் வற்றும்வரை சட்டியில் உருட்டி உருட்டி வறுப்பது. குவா என்றால் வறுப்பது, கிலிங் என்றால் உருட்டுவது. மேலே மக்ரூத் எலுமிச்சை இலையை மயிரிழை போல நறுக்கித் தூவியிருப்பார்கள். தேங்காய்ப்பால் கிடையாது, இனிப்பு கிடையாது. ஊரில் சுக்கா தின்று வளர்ந்தவன் நான். ஆனாலும் முதல் கவளத்தில் காது சூடானது. தட்டை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

நமக்குத் தெரிந்த தாய் சாப்பாடு என்பது பெரும்பாலும் நடுத் தாய்லாந்துச் சாப்பாடு. பத் தாய்கூட 1940களை ஒட்டி அன்றைய பிரதமர் பிபுன் சோங்க்ராமின் அரசு முனைந்து பரப்பிய ஒன்று. வடக்கே சியாங் மாய்க்கு ஒரு சமையல், வடகிழக்கே ஈசானுக்கு ஒரு சமையல், தெற்கே 14 மாகாணங்களுக்கு வேறொரு சமையல். தெற்கத்தி விழுதில் பச்சை மஞ்சளும் மிளகும் தூக்கலாக இருக்கும். இரண்டு பக்கமும் கடல் என்பதால் எதிலும் மீன், எதிலும் கபி. கபி என்பது நம் சென்னாக்கூனி மாதிரிப் பொடி இறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்து இடித்த விழுது. இந்தக் கடைக்காரம்மாவின் ஊர் நக்கோன் சி தம்மராட் மாகாணத்தில் பாக் பனாங், ஆறு கடலில் சேரும் இடம். அவரை எல்லோரும் ‘பா’ என்று கூப்பிடுகிறார்கள். நம் பெரியம்மா முறை. நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

இந்த மாதிரிக் கடைக்குத் தாய்லாந்து மொழியில் ‘காவ் கெங்’ என்று பெயர். காவ் சோறு, கெங் குழம்பு. சோற்றுக்கு மேல் ஒரு குழம்பு ஊற்றினால் ஒரு விலை, இரண்டு ஊற்றினால் இன்னொரு விலை. நான் வந்தபோது ஒரு குழம்புச் சோறு 40 பாட். 2022 தொடக்கத்தில் பன்றிக்கறி விலை எகிறியபோது 50 ஆனது, இப்போது 60. மேசையில் வெள்ளரி, காராமணி, முந்திரிக் கொழுந்து, பிஞ்சுக் கத்தரி எல்லாம் ஒரு கூடையில் இருக்கும். அதற்குப் பெயர் பக் நோ. காசு கிடையாது. துவர்க்கிற முந்திரிக் கொழுந்தை ஒரு கடி, குழம்புச் சோறு ஒரு வாய் என்று மாற்றி மாற்றிச் சாப்பிட வேண்டும். இதைக் கற்றுக்கொள்ளவே எனக்கு ஆறு மாதம் ஆனது. அதுவரை கூடையை அலங்காரம் என்று நினைத்திருந்தேன். காரத்தைத் தாங்கவைப்பது அந்தக் கூடைதான்.

எனக்குக் கதவைத் திறந்தது பலகை. ஒரு வருடம் கையைக் காட்டியே வாங்கினேன். அப்புறம் தாய் எழுத்துப் படிக்கத் தொடங்கினேன். தமிழ் தெரிந்தவர்களுக்கு அதில் ஒரு வசதி உண்டு. நாம் ‘கெ’ எழுதும்போது கொம்பை முன்னால் போடுகிறோமே, தாய் எழுத்திலும் எ, ஐ ஒலிக்குறிகள் மெய்க்கு முன்னால்தான் வரும். ஆங்கிலம் வழியாகப் படிக்கிற என் அலுவலக நண்பர்கள் இதில் தடுமாறினார்கள், எனக்கு வீட்டுப் பாடம் மாதிரி இருந்தது. நான் முதலில் எழுத்துக்கூட்டிப் படித்த சொல் ‘கெங்’. பலகையில் அதற்குப் பின்னால் ஏழெட்டு விதமான பெயர்கள். அதுவரை கண்ணுக்கு எட்டிய நாலைந்தை மட்டுமே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன். பின்வரிசைச் சட்டிகளில் இருந்தவற்றை யாரும் எனக்குக் காட்டியதில்லை, நானும் கேட்டதில்லை.

அப்படிக் கேட்டு வாங்கிய முதல் குழம்பு கெங் ஸோம். பாங்காக்காரர்கள் இதையே ‘மஞ்சள் குழம்பு’ என்ற பொருளில் கெங் லுவாங் என்பார்கள், அவர்களுடைய கெங் ஸோம் வேறு என்பதால். கொடுவா மீனும் தென்னங்குருத்தும் போட்ட, தெளிந்த, புளித்த, கொதிக்கக் கொதிக்க ஊற்றுகிற குழம்பு. புளிப்பில் எனக்கு ஏதோ பழகிய வாடை. பாவிடம் கேட்டேன், காய்ந்த துண்டு ஒன்றை எடுத்து வந்து காட்டினார். கிட்டத்தட்ட நம் குடம்புளி! அதே குடும்பத்து மரம். தாய்லாந்தில் அதன் பெயர் ‘ஸோம் கெக்’. ஸோம் என்றால் புளிப்பு. கெக் என்றால் விருந்தாளி, இந்தியர்களையும் அப்படித்தான் சொல்வார்கள். சீலோம் சாலையில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலுக்கு ஊர்ப்பெயர் வாட் கெக். அன்றைக்கு அந்தப் புளியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன்.

கெங் தைப்லா பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கானாங்கெளுத்தி போன்ற மீன்களின் குடலை உப்பிட்டுப் புளிக்கவைத்தது தைப்லா. அதைக் கொதிக்கவைத்து வடித்து, விழுது சேர்த்து, சுட்ட மீன், மூங்கில் குருத்து, பூசணி, காராமணி, கத்தரி எல்லாம் போட்டால் கறுத்த, கெட்டியான ஒரு குழம்பு வரும். முதல் தடவை கேட்டபோது பா கரண்டியைத் தூக்கியபடியே, “தாங்குமா பிள்ளை?” என்றார். தாங்கும் என்றேன். பாதித் தட்டில் கண்ணீர், அன்று இரவு வயிற்றெரிச்சல். வெறும் வயிற்றில் சாப்பிட்டது என் தவறு. இரண்டு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. மறுபடி கேட்டபோது ஒரு கரண்டி மட்டும், பக்கத்தில் அவித்த முட்டை, இனிப்பாக வேகவைத்த பலோ கறி, நிறைய வெள்ளரி. அப்போதுதான் உள்ளே இருந்த சுவை பிடிபட்டது. கருவாட்டுக் குழம்பை மறுநாள் சுண்டவைத்தால் அடியில் ஒரு ஆழம் சேருமே, அந்த ஆழம். இப்போது வாரம் ஒரு நாள் இது இல்லாமல் எனக்கு முடியாது. கொஞ்சமாக ஊற்றி நிறையச் சோற்றோடு சாப்பிட வேண்டியது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

2019 செப்டம்பர் கடைசியில் கடை நாலைந்து நாள் மூடிக் கிடந்தது. வாசலில் ஒரு தாள் ஒட்டியிருந்தது, எனக்கு அப்போது படிக்கத் தெரியாது. பைக் டாக்சிக்காரர் ஒருவர்தான், ஊருக்குப் போயிருக்கிறார்கள், பத்தாம் மாதத் திருவிழா என்றார். திரும்பி வந்த பா என் தட்டோரத்தில் ஒரு இனிப்பை வைத்தார். பொன்னிறத்தில், வலை போல நூல் நூலாக மடித்தது. கனோம் லா. தேய்பிறைப் பதினைந்து நாளும் இறந்துபோன முன்னோர் பூமிக்கு வருவார்களாம், அமாவாசையன்று படையல் போட்டு அனுப்புவார்களாம். பசியில் அலையும் ஆவிகளுக்கு வாய் ஊசிக்கண் அளவுதான், அதனால்தான் இனிப்பு இத்தனை மெல்லிய நூல் என்று விரலால் காட்டினார். நாள்காட்டியை எடுத்துப் பார்த்தேன். அவர்கள் படையல் போட்ட அந்த நாள்தான் நம் மகாளய அமாவாசை. என் அப்பாவுக்கு நான் அந்த வருடம் எதுவும் செய்யவில்லை. பாவிடம் அதைச் சொன்னேன். உள்ளே போய் இன்னும் இரண்டு கனோம் லாவைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அதிலிருந்து வருடா வருடம் அந்த அமாவாசைக்கு என் வீட்டுப் படையலில் வடை, பாயசத்தோடு கனோம் லாவும் இருக்கிறது.

2020 மார்ச்சில் உட்கார்ந்து சாப்பிடத் தடை வந்தது. குழம்பை பிளாஸ்டிக் பையில் ஊற்றி ரப்பர் பேண்டால் முறுக்கிக் கட்டுவதில் இந்த ஊர்க்காரர்களை மிஞ்ச ஆளில்லை. அந்தப் பைகளால்தான் எங்கள் மாடியில் பாதிப் பேர் பிழைத்தோம். அப்புறம் பாவின் மகள் கடைக்கு வந்து, செயலி வழியாக அனுப்பத் தொடங்கினார். கொஞ்ச காலம் காரம் குறைந்தது. வாடிக்கைக்காரர்கள் சத்தம் போட்டோம், பழையபடி ஆனது. வீட்டுக்கு வரவழைப்பதை நான் இன்னமும் விரும்பவில்லை. குவா கிலிங் தாக்குப்பிடிக்கும், கெங் ஸோம் சூடு போனால் போனதுதான்.

ஸதோ பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்கள் பெத்தாய் என்று சொல்லும் அதே அவரை. இறாலும் கபியும் போட்டு வதக்குவார்கள். வாடை பிடிக்காதவர்களுக்கு என்ன சொன்னாலும் பிடிக்காது, பிடித்தவர்களுக்கு அது வந்துவிட்டதா என்பதுதான் முதல் கேள்வி. முட்டையோடு வதக்கிய பை லியாங் கீரை எல்லோருக்கும் பிடிக்கும், முருங்கைக்கீரை முட்டைப் பொரியல் மாதிரி, கசப்பே இல்லாமல். குழந்தைகளோடு போகிறவர்கள் அதையும் மஞ்சள் போட்ட கோழிச் சாறையும் வாங்குங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் காவ் யாம். சோற்றின் மேல் வறுத்த தேங்காய்ப்பூ, காய்ந்த இறால் தூள், எலுமிச்சைப் புல், பச்சை மாங்காய், முளைப்பயறு எல்லாம் பொடியாக நறுக்கிக் குவித்து, பூதூ என்ற மீன் சாற்றை ஊற்றிக் கலந்து சாப்பிடுவது. பாக் பனாங்கிலிருந்து சிவந்த பொமலோ பழம் வரும் மாதங்களில் அதையும் உதிர்த்துப் போடுவார். அந்த ஞாயிறுகளுக்காக நான் ஊர்ப் பயணத்தைத் தள்ளிவைத்திருக்கிறேன்.

குறைகளும் உண்டு. கனோம் ஜீன் என்ற சேவைக்கு ஊற்றும் மீன் குழம்பு இரண்டு வருடமாகத் தண்ணீராக இருக்கிறது, தேங்காய் விலையைச் சொல்கிறார்கள். ஏப்ரல் வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் உட்கார முடியாது. மதியம் ஒரு மணிக்கு மேல் போனால் காலிச் சட்டிதான். சைவக்காரர்களுக்கு இங்கே ஒன்றுமே இல்லை. காய்கறி வதக்கலிலும் கபி இருக்கும், வெறும் கீரை என்று நம்பி வாங்காதீர்கள். பன்றிக்கறி சமைக்கிற கடை என்பதால் இஸ்லாமிய நண்பர்களையும் நான் அழைத்துப் போவதில்லை. தெற்கத்தி முஸ்லிம்கள் நடத்தும் கடைகள் பாங்காக்கில் தனியாக இருக்கின்றன, அங்கே போகலாம்.

தாய்லாந்து மொழியில் சுவையாக இருக்கிறது என்பதற்கு ‘அரோய்’ என்பார்கள். தெற்கில் அதைச் சுருக்கி ‘ரோய்’. போன வாரம் காலை ஏழரைக்குப் போயிருந்தேன். பலகையின் கடைசி வரியில் புதிதாக ஒரு பெயர். எழுத்துக்கூட்டிப் படித்தேன், வெற்றிலை மாதிரியான சப்லூ இலையும் சிப்பியும் போட்ட தேங்காய்ப்பால் குழம்பு. ஏழு வருடத்தில் அங்கே அதைப் பார்த்ததே இல்லை. சிப்பி நல்லதாகக் கிடைத்தால் மட்டும் வைப்பேன் என்றார் பா. ஒரு வாய் தின்றுவிட்டு “ரோய்” என்றேன். கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்து, கேட்காமலே இன்னொரு கரண்டி ஊற்றினார்.