புறவாசல் கிரில் அடுப்பு: மேல்காற்றும் வெள்ளமும் பார்த்த பிறகு

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுப் புறவாசலில் 2021 கடைசியில் கட்டிய கிரில் அடுப்பு இன்னும் நிற்கிறது. ஆனியிலிருந்து ஆவணி வரை மேற்கிலிருந்து அடிக்கும் மேல்காற்று, ஐப்பசி கார்த்திகையில் அடைமழை, மற்ற நாளெல்லாம் வெயில் என்று இருக்கும் ஊரில் இது சின்ன விஷயம் அல்ல. காணொளிகளில் பளபளக்கும் அடுப்புகளைக் கட்டியவர்கள் ஆடிக்காற்றைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள்.

கட்டியதற்குக் காரணம் என் அத்தை. அவர் புலால் தொடமாட்டார். மீன் வாடை சமையலறைக்குள் வரக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

கொத்தனார் அண்ணாச்சி வந்ததும் அளவுநாடாவை எடுக்கவில்லை. ஒரு கைப்பிடி உமியைத் தூவி அது போகும் திசையைப் பார்த்தார். காற்று முதுகில் அடித்தால் புகை முன்னே போய்விடும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உண்மையில், நிற்பவரின் உடம்பைச் சுற்றிச் சுழன்று அது முகத்துக்கே திரும்பும். காற்று பக்கவாட்டில் வரவேண்டும். ஆகவே சமைப்பவர் வடக்கே பார்த்து நிற்கிறார். காற்று இடக்கைப் பக்கம். அந்த மேற்குப் பக்கச் சுவரை மட்டும் அடுப்புக்கு மேலே ஒன்றரை அடி உயர்த்தியிருக்கிறது. சாம்பல் அள்ளும் வாய் கிழக்கே, தள்ளுகதவோடு. செங்கோட்டைக் கணவாய் வழியே இறங்கிக் கயத்தாற்றில் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று இது. வாயைத் திறந்து விட்டால் மீன் வேகும் முன்பே கரி தீர்ந்துவிடும். ஆடியில் கதவை விரல்கடை அளவுக்கு மட்டும் திறக்கிறேன். வாடைக்காலத்தில் முழுவதும் திறந்தாலும் விசிற வேண்டியிருக்கிறது.

வெளிச்சுவர் சாதாரணச் சூளைச் செங்கல், சிமென்ட் கலவை. நெருப்புப் படும் உட்பெட்டி தீச்செங்கல். கொதிகலன் வேலைக்கு விற்கும் தூத்துக்குடிக் கடையில் வாங்கியது. ஒன்பது அங்குல நீளம், அலுமினா 30 முதல் 40 சதவீதம். அதைச் சிமென்டால் ஒட்டக்கூடாது. கனன்ற கரி 600 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். சிமென்ட் கலவையோ 400, 500 டிகிரியிலேயே பிடிப்பை இழந்து உதிர ஆரம்பிக்கும். தீக்களிமண் சாந்தை இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் போகாமல் பூசி ஒட்டியிருக்கிறோம். உட்பெட்டிக்கும் வெளிச்சுவருக்கும் இடையே அரை அங்குல இடைவெளி விட்டுச் செராமிக் பஞ்சு அடைத்திருக்கிறது. சூட்டில் உட்பெட்டி விரிய இடம் வேண்டும். இந்த இடைவெளி இல்லாத அடுப்புகளில் வெளிச்சுவர் வெடிக்கிறது. எங்கள் வெளிச்சுவரில் இதுவரை ஒரு விரிசலும் இல்லை. மேல்பலகை கிரானைட். அது நெருப்புப் பெட்டியைத் தொடாமல் தள்ளி நிற்பதால் பிழைத்திருக்கிறது.

ஏமாற்றியது இரும்பு. 304 ரக எவர்சில்வர் கம்பி என்று பணம் வாங்கிய பட்டறைக்காரர், காந்தத்தை வைத்துக் காட்டி, “ஒட்டுகிறதா பாருங்கள் சார்” என்றார். நிக்கல் குறைந்த, சீக்கிரம் துருப்பிடிக்கும் 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது என்பதை அவர் சொல்லவில்லை. முதல் மழைக்காலத்திலேயே பற்றுவைத்த இடங்களில் துரு. இப்போது பரிசோதனைச் சான்றோடு வாங்கிய கம்பி இருக்கிறது. விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, துரு இல்லை. துத்தநாகம் பூசிய வலையை யார் மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். பூச்சு நெருப்பில் உருகிப் புகையும், அந்தப் புகை உடம்புக்கு ஆகாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டியது, தாமிரபரணி ஊருக்குள் வந்தது. எங்கள் புறவாசலில் முழங்கால் அளவுத் தண்ணீர். வடிந்ததும் அத்தான் அன்றைக்கே கரியைக் கொட்டக் கிளம்பினார், தடுத்துவிட்டேன். ஊறிய செங்கல்லில் பெருநெருப்பு வைத்தால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிக் கல்லைப் பிளந்துவிடும். ஒரு வாரம் வெயிலில் காயவிட்டு, பிறகு தினமும் கொஞ்சம் சிரட்டை எரித்துச் சூட்டை மெல்ல ஏற்றினோம். இரண்டு இணைப்புகளில் சாந்து மட்டும் உதிர்ந்தது. மழைக்கு முன் சாம்பலை அள்ளிவிடுவதும் முக்கியம். நனைந்த சாம்பல் காரமாகிக் கம்பியை அரிக்கும். தார்ப்பாயால் இறுக்கி மூடினால் உள்ளே ஈரம் தங்கும். காற்று நுழைய இடம் விட்ட தகர மூடி போதும்.

கரியில் சிரட்டைக் கரிதான் என் தேர்வு. சூடு அதிகம், புகை குறைவு. உடைமரக் கரி மலிவு, எளிதில் கிடைக்கும், ஆனால் பொறி தெறிக்கிறது. மேல்காற்று நாளில் அதைத் தொடுவதில்லை.

சுட்டதில் சிறந்தது விளமீன். மிளகு, மஞ்சள், உப்பு போதும். நாட்டுக்கோழி கிரில்லுக்கு ஒத்துவரவில்லை, தோல் கருகியும் உள்ளே வேகவில்லை. அதைக் குழம்புக்கே விட்டுவிடலாம். எதிர்பாராத வாடிக்கையாளர் அத்தைதான். தனக்கென்று தனிக் கம்பித்தட்டு கேட்டு வாங்கி, அதில் கத்தரிக்காய் சுடுகிறார். தைமாதம் பனங்கிழங்கும் அந்தத் தட்டில்தான். எங்கள் தட்டை அவர் பக்கத்தில்கூட வைக்கவிடமாட்டார்.

செலவு 40,000 ரூபாய்க்குச் சற்று மேல், கம்பி மாற்றியது தனி. இன்றும் தீராதது ஒன்றுதான்: ஆடியில் புகை நேராகக் கிழக்குவீட்டு மதினியின் துணிக்கொடிக்குப் போகிறது. அவர் துணி எடுத்த பிறகே பற்றவைப்பது என்று ஒப்பந்தம். மேற்குச் சுவரை இன்னும் இரண்டு வரி உயர்த்தி ஒரு புகைக்குழாய் வைத்தால் தேவலை என்கிறார் கொத்தனார். வேலைக்கு நாள் கேட்டால் மட்டும், “வைகாசி பார்ப்போம்” என்கிறார்.