பாங்காக் ‘பன்னாட்டுக் கல்வி ஆய்வு மாநாடு’: முழுக் கட்டுரையை அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

ஆய்வு மாணவர்களுக்கும் பி.எட். கல்லூரி ஆசிரியர்களுக்கும் இப்போது வரிசையாக அழைப்பு வரும் நேரம். பாங்காக், துபாய், கோலாலம்பூர் என்று ஊர் மாறும், வாசகம் மாறாது. அப்படி ஒன்று வந்தால், கட்டணம் கட்டலாமா வேண்டாமா என்பதை அப்புறம் யோசியுங்கள். முழுக் கட்டுரையை மட்டும் அனுப்பிவிடாதீர்கள். எனக்குப் பணமும் போனது, கட்டுரையும் போனது. பணத்தை எப்படியாவது மறுபடி சேர்த்துவிடலாம். அந்தக் கட்டுரையை இனி எந்த நல்ல இதழும் வாங்காது.

நான் ஒரு சுயநிதிக் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக பி.எச்டி. செய்கிறேன். எடுத்துக்கொண்ட பொருள் ‘எண்ணும் எழுத்தும்’. 2022இல் தமிழக அரசுப் பள்ளிகளில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்குக் கொண்டுவந்த திட்டம். ஒரே அறையில் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைப் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியர் பாடம் நடத்த வேண்டும். ஒன்றியத் தொடக்கப்பள்ளிகளில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஒரு பிள்ளை அரும்பிலிருந்து மொட்டுக்கு எப்போது நகர்கிறது, எது அதை நகரவிடாமல் வைத்திருக்கிறது என்று குறிப்பெடுத்தேன். மலர்நிலைப் பிள்ளை பக்கத்தில் இருக்கும் அரும்புநிலைப் பிள்ளைக்கு ஆசிரியரைவிட வேகமாகக் கற்றுக்கொடுத்த இடங்கள் அதில் உண்டு. வேறு நாடுகளில் பல்நிலை வகுப்பறைகளைப் பார்த்த ஒருவர் இதைக் கேட்டு, “இங்கே உன் முடிவு நிற்காது” என்று ஒரு வார்த்தை சொன்னால்கூட எனக்குப் போதும். மாநாட்டுக்குப் போக நினைத்ததே அதற்காகத்தான்.

வெளிநாட்டு மாநாடு என்றதும் நம் ஆட்கள் ஏன் கிளம்புகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி, வெளிநாட்டில் நடக்கும் பன்னாட்டு மாநாட்டில் கட்டுரை வாசித்தால் 7 மதிப்பெண். அதே பன்னாட்டு மாநாடு இந்தியாவில் நடந்தால் 5, தேசிய மாநாடு என்றால் 3. பதவி உயர்வுக்கும் வேலைக்கும் ஒவ்வொரு பாயின்டையும் எண்ணிக்கொண்டிருக்கும் ஆசிரியர்களைக் குறிவைத்துத்தான் இந்த நிறுவனங்கள் நடக்கின்றன. அந்த ஆசிரியர்கள்மேல் எனக்குத் துளியும் கோபமில்லை.

ஆய்வுச் சுருக்கத்தை இரவில் அனுப்பினேன், காலையில் ஏற்புக் கடிதம் வந்துவிட்டது. இந்த வேகத்தைக் கவனியுங்கள். அமெரிக்கக் கல்வி ஆய்வுச் சங்கம் 1916 முதல் இயங்குகிறது. அதன் ஆண்டு மாநாடு ஏப்ரல் வாக்கில் நடக்கும். அதற்கான கட்டுரைகளை முந்தைய ஜூலை வாக்கிலேயே கேட்டுவிட்டு, முடிவைச் சொல்ல நவம்பர் வரை எடுத்துக்கொள்கிறார்கள். துறை தெரிந்தவர்கள் உட்கார்ந்து படிக்க அவ்வளவு நாள் ஆகும். எதிர்ப்பக்கத்துக்கு ஓர் உதாரணம்: 2016இல் நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் பார்ட்னெக், போன் தானாகக் காட்டிய சொற்களையே தட்டித்தட்டி, அர்த்தமே இல்லாத ஒரு சுருக்கத்தை அணு இயற்பியல் மாநாடு ஒன்றுக்கு அனுப்பினார். மூன்று மணி நேரத்தில் ஏற்றுக்கொண்டார்கள்.

பங்கேற்புக்கு 300 டாலர், ‘ஸ்கோபஸ் இதழில் வெளியிட’ இன்னொரு 150 டாலர். ஸ்கோபஸ் என்பது ஆய்விதழ்களைத் தேர்ந்து பட்டியலிடும் ஒரு தரவுத்தளம். எந்த இதழ் என்று கேட்டால் பெயர் வராது, “ஸ்கோபஸ் லிஸ்டட் ஜர்னல்ஸ் மேடம்” என்ற பதில்தான் வரும். பணம் போட்டது ஒரு தனிநபரின் சேமிப்புக் கணக்கில். “அது எங்க கோஆர்டினேட்டர் அக்கவுண்ட், ரசீது வந்துடும்” என்றார்கள். போஸ்டரில் இங்கிலாந்துப் பேராசிரியர் ஒருவரின் படம், கீழே ‘தலைமை உரை’.

சுகும்வித் பகுதியில் ஒரு ஓட்டல். வரவேற்பறையில் அன்றைய நிகழ்ச்சிகளைக் காட்டும் திரையில் மாநாட்டின் பெயர் இல்லை. அதே அரங்கின் எண்ணுக்கு நேராக, மாநாட்டை நடத்திய நிறுவனத்தின் பெயர் மட்டும் இருந்தது. உள்ளே போனால் நர்சிங், சிவில் இன்ஜினியரிங், வேளாண்மை, கல்வி எல்லாரும் ஒரே அறையில். காலையில் மேசையில் எங்கள் பெயர்களைப் பதிந்த இளைஞரே அமர்வுத் தலைவராகவும் மேடையேறினார். எனக்கு முன்னால் கான்கிரீட் கலவையைப் பற்றி ஒருவர் வாசித்தார், எனக்குப் பின்னால் ரத்த அழுத்தம். ஆளுக்கு எட்டு நிமிடம். நான் முடித்ததும் “எனி கொஸ்டின்ஸ்?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த பெயரை அழைத்தார். தலைமை உரையாளர் “விசா பிரச்சினையால் வரவில்லை” என்றார்கள். ஊருக்குத் திரும்பியதும் அந்தப் பேராசிரியருக்கு அவருடைய பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரியில் எழுதினேன். அப்படி ஒரு மாநாட்டைத் தான் கேள்விப்பட்டதே இல்லை என்றும், படத்தைத் தன்னிடம் கேட்காமலே போட்டிருக்கிறார்கள் என்றும் பதில் எழுதினார்.

சான்றிதழ் கொடுத்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது. மேசையில் பெயர் எழுதாத சான்றிதழ்கள் ஒரு கட்டு. முன்னால் நின்றவர், வராத நண்பர்கள் நான்கு பேரின் பெயரைச் சொல்லச் சொல்ல, அந்த இளைஞர் கறுப்புப் பேனாவால் எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். நான்கிலும் ‘சிறந்த கட்டுரை’ என்று ஏற்கெனவே அச்சடித்திருந்தது. பேனர் முன்னால் குரூப் போட்டோ எடுத்து முடித்ததும் அறை காலியாகிவிட்டது.

இது இத்தோடு முடிந்திருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். சில மாதங்கள் கழித்து, நான் அனுப்பியிருந்த முழுக் கட்டுரையை யாரும் கேள்விப்படாத ஓர் இணைய இதழின் ‘சிறப்பிதழில்’ போட்டுவிட்டார்கள். ஸ்கோபஸ் பட்டியலில் அந்த இதழ் இல்லை. என்னிடம் கேட்கவுமில்லை, மெய்ப்பு அனுப்பவுமில்லை. அட்டவணையின் தலைப்புகள் இடம் மாறி, அரும்பின் எண்கள் மலருக்குக் கீழே போயிருந்தன. என் பெயரில், என் தரவோடு, தப்பான ஒரு முடிவு இணையத்தில் கிடக்கிறது. எடுக்கச் சொன்னால், ‘திரும்பப் பெறும் கட்டணம்’ 200 டாலர் கட்டுங்கள் என்கிறார்கள். நான் கட்டவில்லை. அதற்குள் என் கைடு சொன்ன ஒரு நல்ல இதழுக்கு அதே கட்டுரையைத் திருத்தி அனுப்பியிருந்தேன். ஏற்கெனவே வெளியானது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் விதி அப்படி, அவர்களைக் குறை சொல்ல முடியாது.

புத்தகங்களுக்கான ஐஎஸ்பிஎன் எண் இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகவே தருகிறது. புத்தகத்தின் தரத்தை யாரும் பார்த்துக் கொடுப்பதில்லை. இதழ்களுக்கான ஐஎஸ்எஸ்என்னும் அப்படித்தான். ஸ்கோபஸ் என்று சொன்னால் இதழின் பெயரை எழுத்தில் வாங்கி, ஸ்கோபஸ் தளத்தின் பட்டியலில் நீங்களே தேடுங்கள். அது இலவசம். பட்டியலிலிருந்து நீக்கிய இதழ்களையும் பார்த்துவிடுங்கள். தரமான ஆய்விதழ்கள் என்று யுஜிசி வைத்திருந்த ‘யுஜிசி-கேர்’ பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டார்கள். எது நல்ல இதழ் என்று முடிவு செய்யும் வேலை இப்போது கல்லூரிகளின் தலையில், அதாவது நம் தலையில் விழுந்திருக்கிறது. போஸ்டரில் இருக்கும் பேராசிரியருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். எல்லாவற்றிலும் நம்பகமான சோதனை இதுதான். அப்புறம், சுருக்கத்தை மட்டும் கொடுங்கள். பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

நல்ல மாநாடுகள் நம் நாட்டிலேயே இருக்கின்றன. இந்திய ஒப்பீட்டுக் கல்விச் சங்கத்தின் மாநாடு வெவ்வேறு பல்கலைக்கழகங்களில் நடக்கிறது. அறிவியல், கணிதக் கல்விக்காரர்களுக்கு மும்பை ஹோமி பாபா மையத்தின் ‘எபிஸ்டீம்’ இருக்கிறது. மதிப்பெண் இரண்டு குறையலாம். ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பவர் நம் துறைக்காரர்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்தேன். “மாநாடு நடந்தது, சான்றிதழ் கொடுத்தோம், சேவை முடிந்தது” என்று மாநாட்டை நடத்தியவர்கள் பதில் கொடுத்தார்கள். இந்த வாதம் எல்லா இடத்திலும் எடுபடாது. ஐதராபாத்தின் ஓமிக்ஸ் நிறுவனம், பிரபல ஆய்வாளர்கள் வருவதாகப் பொய் சொல்லி மாநாட்டுக்கு ஆள் சேர்த்தது என்பதும் அமெரிக்க வணிக ஆணையம் தொடுத்த வழக்கில் ஒரு குற்றச்சாட்டு. 2019இல் நெவாடா நீதிமன்றம் அந்த நிறுவனத்துக்கு எதிராக 5 கோடி டாலருக்கு மேல் செலுத்தும்படி தீர்ப்பளித்தது. நானும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. வழக்கு நடப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே கதை உங்களுக்கும் நடந்திருந்தால், அழைப்பு மின்னஞ்சல், போஸ்டர், பணம் போன கணக்கின் விவரம், கட்டுரை வெளியான பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் இன்றைக்கே எடுத்துவையுங்கள். நான் புகார் கொடுத்த பிறகு போஸ்டர் இருந்த பக்கத்தை நீக்கிவிட்டார்கள்.