வேலூரில் ஒரு பூச்சிக்கட்டுப்பாட்டுச் சேவை: கரப்பானுக்கு நன்று, சிலந்திக்கு வீண்

சத்துவாச்சாரியில் மலையடிவாரத்தை ஒட்டிய எங்கள் பகுதியில் பல வீடுகளுக்கு மருந்தடித்து வரும் ஒரு பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனத்திடம் ஆண்டு ஒப்பந்தம் செய்திருந்தோம். கரப்பான், கரையான், சிலந்தி ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஒரே கட்டணம். முதல் இரண்டுக்கும் கொடுத்த பணத்துக்கு வேலை நடந்தது. மூன்றாவதற்குக் கொடுத்தது அச்சத்துக்குச் செலுத்திய வரி என்றே சொல்வேன்.

கரப்பானுக்கு அவர்கள் பசை மருந்தைச் சமையலறை அலமாரியின் கீல்களிலும், சிங்க்கின் அடியிலும், சிலிண்டர் வைக்கும் மூலையிலும் சிறு புள்ளிகளாக வைத்தார்கள். பாத்திரங்களை வெளியே எடுத்து அடுக்க வேண்டிய தொல்லை இல்லை, வாடையும் இல்லை. கரையானுக்குச் சுவரும் தரையும் சேருமிடத்தில் துளையிட்டு, மருந்தைச் செலுத்தி, வெள்ளை சிமெண்டால் அடைத்த வேலையும் சுத்தமாக இருந்தது. பணியாளர்கள் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள், கையுறையும் முகக்கவசமும் அணிந்திருந்தார்கள்.

சிக்கல், சிலந்திக்காக அவர்கள் தரும் வழவழப்பான வண்ணத் துண்டறிக்கையில் இருக்கிறது. ‘உலகின் கொடிய சிலந்திகள், உங்கள் வீட்டிலும் இருக்கலாம்’ என்ற தலைப்பின் கீழ் முதல் படமாக இருப்பது சிட்னி புனல்வலைச் சிலந்தி. அதன் நஞ்சு கொடியது என்பதில் ஐயமில்லை. நாய்க்கும் பூனைக்கும் பெரிதாகத் தீங்கு செய்யாத அந்த நஞ்சு மனிதரின் நரம்புகளைக் கடுமையாகத் தாக்குகிறது, அதிலும் பெண் சிலந்தியைவிட ஆண் சிலந்தியின் நஞ்சே வீரியமானது. ஆனால் அது ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் தாண்டி வாழாத உயிரினம் என்பதைத் துண்டறிக்கை சொல்லவில்லை. அங்கேயே 1981-ல் மாற்றுமருந்து வந்ததற்கு முன் பதிவான மரணங்கள் 13 என்பதையும், அதன் பிறகு அந்தச் சிலந்தி கடித்து ஒருவரும் இறந்ததாகப் பதிவு இல்லை என்பதையும் அச்சிட்டிருந்தால், காட்பாடியிலும் குடியாத்தத்திலும் யார் இந்தச் சேவைக்குக் கையெழுத்துப் போடுவார்கள்?

இரண்டாவது படம் பிரேசிலின் அலையும் சிலந்தி. வலை கட்டி உட்காராமல் இரவில் தரையில் திரிந்து இரை தேடும் இது, சீண்டப்பட்டால் முன்கால்களை உயர்த்தி உடலை அசைத்து எதிர்த்து நிற்கும். ‘ஆளைத் துரத்தித் தாக்கும்’ என்று துண்டறிக்கை எழுதுவது இந்தத் தற்காப்பு நிலையைத்தான். பகலில் வாழைத்தாரிலும் காலணியிலும் ஒளிந்திருப்பதால் கடிபடுகிறவர்கள் அங்கே ஏராளம் என்றாலும், அவர்களில் மாற்றுமருந்து தேவைப்படும் அளவுக்கு நிலை மோசமாவது சிறு பங்கினருக்கே, பெரும்பாலும் குழந்தைகளுக்கே. நம் உழவர் சந்தைக்கு வரும் வாழைத்தார் பிரேசிலிலிருந்து வருவதில்லை என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக, ‘ஏலகிரி, ஜவ்வாது மலைகளிலிருந்து டரான்டுலா இறங்கி வருகிறது’ என்று ஒரு வரி. கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் மரப்பொந்துகளில் பெரிய மயிரடர்ந்த சிலந்திகள் நெடுங்காலமாகவே வாழ்கின்றன. அவை கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் உண்டாகும், ஆகவே கையால் தொடக் கூடாது. அதற்காக நகரத்து வீட்டின் படுக்கையறைச் சுவரில் மருந்தடிப்பது எந்தக் கணக்கில் சேரும் என்று தெரியவில்லை.

மருந்தும் சிலந்தியிடம் சரிவர வேலை செய்வதில்லை. சுவரில் தெளித்துக் காய்ந்த பூச்சிமருந்தின் மேல் ஊரும் கரப்பானுக்கு அது காலிலும் வயிற்றிலும் ஒட்டிக்கொண்டு, உணர்கொம்பை வாயால் துடைக்கும்போது உள்ளேயும் போய்விடுகிறது. சிலந்தியோ உடலைத் தரையில் படாமல் தூக்கிக் கால்நுனிகளில் நடப்பது. பல இனங்கள் வலையை விட்டே அதிகம் நகர்வதில்லை. நேராக மேலே படும்படி அடித்தால் சாகும், அதற்குத் துடைப்பமே போதும். தெளித்துவிட்டுப் போன சில வாரங்களில் எங்கள் பரணில் ஒட்டடை பழையபடி கட்டியிருந்தது. இத்தனைக்கும் இரவில் சுவரில் தட்டையாக ஒட்டிக்கொண்டு நம்மைத் திடுக்கிடச் செய்யும் அந்தப் பெரிய பழுப்பு எட்டுக்கால் பூச்சி, இவர்கள் பணம் வாங்கிக்கொண்டு ஒழிக்கும் கரப்பானைப் பணம் வாங்காமல் தின்கிற பிராணி. அதன் வயிற்றடியில் வெள்ளை வட்டாகத் தெரிவது முட்டைப்பை. அதை நஞ்சுப்பை என்று பணியாளர் ஒருவர் விளக்கியதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இந்தத் துண்டறிக்கையில் இல்லாதது தேள். பாறையும் கல்குவியலும் நிறைந்த வடாற்காட்டு மலையடிவாரங்களில் உண்மையாகவே கவலைப்பட வேண்டியது அதுதான்; செந்தேள் கொட்டினால், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, இதயமும் நுரையீரலும் பாதிக்கப்படலாம், தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். சிலந்தி கடிக்குப் ‘பாம்புக்கடி ஊசியே போதும்’ என்று அச்சிட்டிருப்பதோ வெறும் அபத்தம் மட்டுமல்ல, ஆபத்தானதும்கூட. இந்தியாவில் கிடைக்கும் அந்த மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்காகத் தயாரிக்கப்படுவது. சிலந்தியின் நஞ்சை அது முறிக்காது.

கரப்பானும் கரையானும் தொல்லை தரும் வீடுகளுக்கு இவர்களைத் தயங்காமல் அழைக்கலாம். சிலந்திக்கு மாதம் ஒருமுறை ஒட்டடை அடித்து, பூச்சிகளை ஈர்க்கும் வாசல் விளக்கை இரவில் அணைத்து, ஜன்னலுக்கு வலை போட்டாலே பெருமளவு குறையும். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது சிலந்தியை மட்டும் நீக்கிக் கட்டணத்தைக் குறைக்க முடியுமா என்று கேட்டேன். கிளை மேலாளர் அதிகம் வாதாடாமல் அந்த வரியை அடித்துவிட்டுப் புதிய தொகையை எழுதிக் கொடுத்தார். இப்படியொரு வாய்ப்பு இருப்பது துண்டறிக்கையில் எங்கும் இல்லை, கேட்பவர்களுக்கு மட்டும் கிடைக்கிறது.