லைவ் ராக்கில் ஒளிந்து வந்த உயிர்களை எங்கே வைப்பது: காட்சித் தொட்டியா, ரெஃப்யூஜியமா, தனித்தொட்டியா?

லைவ் ராக்கை, அதாவது கடலில் ஊறி உயிர்கள் குடியேறிய பாறையை, உப்புநீர்த் தொட்டியில் இறக்கும்போது, நாம் கேட்டு வாங்காத பல உயிர்களும் அதன் துளைகளில் இருந்தபடியே உள்ளே வந்துவிடுகின்றன. நண்டு, இறால், புழு, நத்தை, கடல் அனிமோன் என விதவிதமாக வரும் இவை அனைத்தையும் தொல்லை என்ற ஒரே பெயரில் அடக்கிக் கொன்றுவிடுவோர் பலர். கொல்ல மனமில்லாதவர்களுக்கு மூன்று இடங்கள் உள்ளன: பவளமும் மீனும் வாழும் காட்சித் தொட்டி, அதனுடன் குழாயால் இணைந்து ஒரே நீரைப் பகிர்ந்துகொள்ளும் ரெஃப்யூஜியம், எந்த இணைப்பும் இல்லாத சிறு தனித்தொட்டி. இவற்றுள் பெரும்பாலோர் முதலில் நாடுவது ரெஃப்யூஜியத்தைத்தான். என் கருத்தில், மூன்றிலும் மிகக் குறைவான உயிர்களுக்குப் பொருந்துவது அதுவே.

பாறையின் வகையைப் பொறுத்தே வரும் உயிர்களும் அமையும். உயிர்கள் ஏதுமற்ற உலர்பாறையில் தொடங்கிய தொட்டியில் பவளத் துண்டுகளின் அடியில் ஒட்டி வருபவை மட்டுமே இருக்கும். அங்கே தொல்லையும் குறைவு, வியப்பும் குறைவு. ஃபுளோரிடாவில் இயற்கைப் பாறையை எடுப்பது மாநிலக் கடற்பகுதியில் 1989-லும், கூட்டாட்சிக் கடற்பகுதியில் 1997-லும் தடை செய்யப்பட்டது. இப்போது வெற்றுப் பாறையைக் கடலடியில் இட்டு, அதில் உயிர்கள் குடியேறிய பிறகு எடுத்து விற்கிறார்கள். நியோகோனோடாக்டைலஸ் வென்னரே என்னும் சிறு மாண்டிஸ் இறால் இந்தப் பாறையில் அடிக்கடி வருவதுண்டு. அரிய உயிர்களைத் தேடுபவர் இத்தகைய பாறையை நாடலாம். பவளத்தை மட்டும் பேண விரும்புபவருக்கு உலர்பாறையே மேல்.

இடத்தை முடிவு செய்யுமுன், வந்திருப்பது யாரென்று தெரிந்தாக வேண்டும். விளக்கணைத்து ஓரிரு மணி நேரம் கழித்துச் சிவப்பு ஒளியில் பார்ப்பது நல்லது, ஏனெனில் ஓட்டுடலிகளில் பல சிவப்பு ஒளியை அவ்வளவாக உணர்வதில்லை. நண்டாக இருந்தால் கொடுக்கின் நுனியைக் கவனிக்க வேண்டும். பாசியைச் சுரண்டி உண்ணும் எமரால்டு நண்டின் கொடுக்கு நுனி கரண்டிபோல் குழிந்திருக்கும். மயிரடர்ந்த உடலும் கருத்த, கூரிய கொடுக்கு நுனியும் கொண்டது பெரும்பாலும் ஊனுண்ணியாகவே இருக்கும். புழுவாக இருந்தால் தலையைப் பார்க்க வேண்டும். தொல்லை தரக்கூடிய யூனிஸ் வகைப் புழுக்களின் தலையில் ஐந்து உணர்கொம்புகள் தெரியும். பக்கவாட்டில் வெண்ணிற மயிர்க்கற்றைகள் மட்டும் உள்ள சாதாரண பிரிசில் புழுவுக்கு அந்த அமைப்பு இராது. பாறைக்குள்ளிருந்து சொடக்குப் போடுவது போன்ற ஒலி கேட்டால் உள்ளே இருப்பது பிஸ்டல் இறாலாகவும் இருக்கலாம், மாண்டிஸ் இறாலாகவும் இருக்கலாம். ஒலியை மட்டும் நம்பித் தீர்ப்பளிக்கக் கூடாது.

வந்தவற்றுள் பெரும்பகுதிக்குக் காட்சித் தொட்டியே சரியான இடம். நீரின் அளவு அதிகமாக இருப்பதால் வெப்பமும் உப்பும் சட்டென மாறுவதில்லை. உணவு பாறையிலேயே கிடைக்கிறது. பிரிசில் புழு எஞ்சிய தீனியைத் தின்று தீர்க்கும், ஆனால் அதை வெறுங்கையால் தொட்டால் மயிர்கள் விரலில் ஏறிவிடும். ஆம்ஃபிஃபோலிஸ் ஸ்குவாமேட்டா என்ற, நட்சத்திரமீனை ஒத்த சிறு பிரிட்டில் ஸ்டார் தன் குஞ்சுகளை உடலுக்குள்ளேயே வளர்த்து வெளியிடுவதால், இணைசேரவோ முட்டையிடவோ நாம் எந்த ஏற்பாடும் செய்யாமலே பெருகிக்கொள்ளும். காதுமடல் போன்ற சிற்றோட்டைச் சுமந்தபடி இரவில் கண்ணாடியில் ஊர்ந்து பாசியை மேயும் ஸ்டொமடெல்லா நத்தை, பிடிபட்டால் காலின் பின்பகுதியைக் கழற்றிவிட்டுத் தப்பிக்கும். காசு கொடுத்து வாங்கும் பல நத்தைகளைவிட நான் இதை உயர்வாகவே மதிக்கிறேன்.

பவளக் கிளைகளுக்குள் ஒட்டி வரும் டிரபீசியா நண்டைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நண்டு என்றாலே அகற்ற வேண்டும் என்ற அவசரத்தில் பலியாவது இதுதான். பொசில்லோபோரா போன்ற பவளங்களில் வாழும் இது, பவளம் சுரக்கும் சளியையும் கொழுப்பையும் உண்டு, பவளத்தைத் தின்ன வரும் முள்முடி நட்சத்திரமீனைக் கிள்ளி விரட்டும். பிரெஞ்சு பாலினீசியாவின் மூரியாத் தீவில் இத்தகைய நண்டுகளைப் பவளங்களிலிருந்து நீக்கிப் பார்த்த ஆய்வு ஒன்று 2006-ல் வெளியானது. நண்டு இல்லாத பவளங்களில் வண்டல் படிந்து, அவற்றுள் பல மடிந்தன. ஆகவே இதற்கு மூன்று இடங்களை ஒப்பிடும் தேவையே இல்லை. வந்த பவளத்திலேயே விட்டுவிட வேண்டும்.

காட்சித் தொட்டியின் பெருங்குறை, ஒருமுறை உள்ளே விட்ட உயிரைத் திரும்பப் பிடிப்பது மிகக் கடினம் என்பதுதான். இங்கிலாந்தின் நியூகீ நகரக் காட்சியகம் ஒன்றில், பவளங்களும் மீன்களும் தாக்கப்படுவதற்குக் காரணம் தெரியாமல் தவித்த பணியாளர்கள், 2009-ல் பாறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்த பின்னரே ஒரு மீட்டருக்கும் மேல் நீண்ட புழுவைக் கண்டெடுத்தார்கள். ஐயத்துக்குரிய உயிரை, பாறை தொட்டிக்குள் போகுமுன் வாளியில் இருக்கும்போதே பிரித்துவிடுவது எளிது. ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி; உப்பின் அளவைக் காட்டுவது) 1.035 ஆகும் அளவுக்கு உப்பைக் கூட்டிய நீரில் பாறையைச் சில நிமிடங்கள் வைத்தால் துளைவாசிகள் பல தாமாக வெளியேறும்; வெளியேறியவற்றை உடனே வழக்கமான நீருக்கு மாற்றிவிட வேண்டும்.

ரெஃப்யூஜியத்துக்கு வருவோம். கீட்டோமார்ஃபா போன்ற பாசி வளரவும், ஆம்ஃபிபாட், கோபிபாட் என்னும் மிகச் சிறிய ஓட்டுடலிகள் மீன்களுக்கு இரையாகாமல் பெருகவும் ஏற்பட்ட இடம் அது. சிறிய மைசிட் இறால், பாசி மேயும் நத்தைகள் ஆகியவற்றுக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஊனுண்ணி நண்டை அங்கே அனுப்பினால், எந்தச் சிற்றுயிர்களுக்காக அந்தப் பகுதியை அமைத்தோமோ அவற்றையே அது தின்னத் தொடங்கும். ஐப்டேசியா என்ற அனிமோனை அனுப்புவது இன்னும் பிழையானது. அதன் அடிப்பாதத்தில் இருந்து பிய்ந்த ஒரு சிறு துணுக்குகூட முழு அனிமோனாக வளரும். திரும்பு நீரேற்றி அந்தத் துணுக்கைக் காட்சித் தொட்டிக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். நீர் ஒன்றாக இருக்கும் வரை பிரிவு என்பது பெயரளவில்தான். இவற்றுக்கும் மேலாக எனக்கு உறுத்தும் குறை ஒன்று உண்டு. அலமாரிக்குள், பாசிக்கு நடுவில், யார் கண்ணிலும் படாமல் கிடக்கும் அரிய உயிர் உண்கிறதா, தோலுரித்ததா, இறந்ததா என்பதைக் கவனிப்பவரே இல்லாமல் போகிறார். அதை வளர்ப்பதாகச் சொல்லிக்கொள்வது கடினம்.

தனித்தொட்டி அதிக உழைப்பைக் கேட்கிறது. 20 முதல் 40 லிட்டர் வரையிலான நீரில் ஆவியாதல் விரைவில் உப்பை ஏற்றிவிடும் என்பதால், ஒப்படர்த்தி 1.025-ஐ ஒட்டி நிற்கும்படி நாள்தோறும் நன்னீர் சேர்க்க வேண்டும். மீன் நோய்க்காகச் செம்பு மருந்து இட்ட பழைய தொட்டியையோ பாறையையோ பயன்படுத்தவே கூடாது. அவற்றில் தங்கும் செம்பு முதுகெலும்பற்ற உயிர்களைக் கொல்லும். காட்சித் தொட்டியில் இருந்து வாராவாரம் மாற்றி எடுக்கும் நீரை, அது தூய்மையாக இருந்தால், இங்கே ஊற்றிக்கொள்ளலாம். இங்கிருந்து ஒரு குவளை நீர்கூட அங்கே போகக் கூடாது.

இந்த உழைப்புக்கு ஈடாகக் கிடைப்பதை மாண்டிஸ் இறாலிடம் காணலாம். மயில் மாண்டிஸ் இறாலின் தாக்கு உறுப்பு நொடிக்கு 23 மீட்டர் வரை வேகம் எட்டுவதை 2004-ல் வெளியான ஆய்வு அளந்து காட்டியது. அந்த வேகத்தில் தோன்றும் நீர்க்குமிழ்கள் வெடித்தடங்கும்போது இரைக்கு இரண்டாவது அடியும் விழுகிறது. லைவ் ராக்கில் வரும் சிறு வகைகளும் இப்படி அடித்து உடைப்பவையே. காட்சித் தொட்டியில் நத்தைகளையும் நண்டுகளையும் ஒவ்வொன்றாகக் காலிசெய்யும் அதே உயிர், தனித்தொட்டியில் துளை வாயிலில் நின்று, தனித்தனியே அசையும் இரு கண்களால் நம்மையே நோட்டமிடும். துளையுள்ள பாறை ஒன்று, கல் துணுக்குகள், மூடி, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை நத்தை அல்லது இறால் துண்டு: இவையே அதன் தேவைகள். தோலுரிக்கும் காலத்தில் வாயிலை அடைத்துக்கொண்டு பல நாட்கள் வெளியே வராது. இறந்துவிட்டதென்று எண்ணிப் பாறையைக் கிளறினால், புதிய ஓடு இறுகாத நிலையில் அதற்கு ஆபத்து.

மயிரடர்ந்த ஊனுண்ணி நண்டுக்கும் யூனிஸ் புழுவுக்கும் இதே ஏற்பாடு பொருந்தும். புழுவுக்கு ஆழமான மணலோ நீண்ட துளைகளோ கூடுதலாக வேண்டும். மாண்டிபோரா பவளத்தை உண்ணும் நுடிபிராங்க் (ஓடில்லாக் கடல் நத்தை), அக்ரோபோரா பவளத்தை உண்ணும் தட்டைப்புழு ஆகியவற்றுக்கு மட்டும் மூன்று இடங்களுமே உதவாது, ஏனெனில் உயிருள்ள பவளத்தைத் தொடர்ந்து பலியிடாமல் அவற்றைக் காப்பாற்ற இயலாது. தனித்தொட்டிக்கு இடமில்லாதவர், பிடித்த உயிரை அதற்கென்று தொட்டி வைத்திருக்கும் வேறொரு வளர்ப்பாளரிடம் ஒப்படைக்கலாம். அது எந்தக் கடலில் இருந்து வந்ததென்று உறுதியாகத் தெரியாதபோது, அருகிலுள்ள கடலில் கொண்டுபோய் விடக் கூடாது.