ஆசைச் சொற்களின் பூர்வீகம்: ஈரோட்டில் ஒரு ஞாயிறு வகுப்பு

பெருந்துறைச் சாலையில் உள்ள ஒரு தனிப்பயிற்சி நிலையம் ஞாயிறுதோறும் காலையில் ஆங்கிலச் சொற்பிறப்பு வகுப்பு நடத்துகிறது. மாதக் கட்டணம் ரூ.600. போட்டித் தேர்வுக்குச் சொற்பட்டியலை உருப்போட்டுச் சலித்தவர்களுக்கும், திருப்பூர் பனியன் கம்பெனிகளில் நாளெல்லாம் வெளிநாட்டுக்கு மின்னஞ்சல் எழுதுபவர்களுக்கும் ஏற்ற வகுப்பு இது. இன்பத்தையும் ஆசையையும் குறிக்கும் சொற்களைப் பற்றிய பகுதியே இதில் சிறந்தது. குறைகள் தெரிவதும் அதில்தான்.

1066இல் பிரான்சின் வடபகுதியைச் சேர்ந்த நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு பிரெஞ்சு வழியாக வந்து குடியேறியவையே பிளெஷர், டிசையர், டிலைட், ஜாய் ஆகிய நான்கும் என்று ஆசிரியர் தொடங்குகிறார். அவற்றுக்கு முன்பே அங்கிருந்த லஸ்ட் என்னும் சொல், பழைய ஆங்கிலத்தில் இன்பம், விருப்பம் என்ற பொதுப் பொருளில் வழங்கி, காலப்போக்கில் காமத்தை மட்டும் குறிக்கும் அளவுக்குச் சுருங்கிவிட்டது; ஏதாவது செய்யத் தோன்றுகிறது என்று சொல்ல ஜெர்மானியர் இன்றும் அதே சொல்லைக் கூச்சமின்றிப் பயன்படுத்துகிறார்கள். வான்ட் என்பது முதலில் இல்லாமையைக் குறித்த நார்ஸ் (பழைய ஸ்காண்டிநேவிய மொழி) சொல், க்ரேவ் என்பது உரிமையோடு கேட்டலைக் குறித்த சொல் என்பவற்றை அவர் போகிற போக்கில் சொல்லிவிடுகிறார்.

கரும்பலகையில் விஷ் என்று எழுதி, அதன்கீழ் வாஞ்சை என்று எழுதியபோதுதான் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. நாம் வாஞ்சை என்று வழங்குவது வாஞ்சா என்னும் வடசொல்லிலிருந்து வந்தது. அதுவும் ஆங்கில விஷ்ஷும் ரோமானியரின் காதல் தேவதை வீனஸின் பெயரும், வடமொழி, லத்தீன், ஆங்கிலம் முதலியவற்றுக்குத் தாயான இந்தோ-ஐரோப்பிய மூலமொழியின் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. "அப்படீன்னா மூணும் ஒரே கூட்டமுங்களா?" என்று முன்வரிசையிலிருந்த மஞ்சள் மண்டிக் கணக்கர் கேட்க, "ஆமாங்க, பங்காளிங்கதான்" என்றார் ஆசிரியர். இன்பத்தைக் குறிக்கும் கிரேக்கரின் ஹெடோனே, ஆங்கில ஸ்வீட், இனிமையானதைக் குறிக்கும் வடமொழி ஸ்வாது ஆகியவற்றின் உறவையும் அதே சூட்டோடு விளக்கினார்.

டிசையர் என்பதன் லத்தீன் மூலத்தில் விண்மீனைக் குறிக்கும் சொல் இருப்பதாகவும், விண்மீன்கள் தரப்போவதை எதிர்நோக்குவதே ஆசை என்றும் கூறப்படுவது அழகான ஊகம். ஆனால் அவர் அதை ஐயத்துக்கு இடமற்ற செய்தியாகவே சொல்லிவிட்டார். கொடுத்த அச்சுத் தாளிலோ டிலைட்டுக்குப் பக்கத்தில் எரியும் விளக்கின் படம் இருக்கிறது. கவர்ந்திழுத்தலைக் குறித்த லத்தீன் சொல்லின் வழிவந்த அதற்கும் வெளிச்சத்துக்கும் தொடர்பே இல்லை. லைட் என்பதைப் பார்த்து 16ஆம் நூற்றாண்டில் அதன் எழுத்துக்கூட்டலை மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். தாளை மட்டும் நம்பிப் படிக்கும் மாணவர் தேர்வில் தவறாகத்தான் எழுதுவார்.

கட்டணத்துக்கு வகுப்பு தகும். சேருபவர்கள் அச்சுத் தாளை வாங்கி வைத்துக்கொண்டு, ஆசிரியர் சொல்வதைத் தனி நோட்டில் எழுதிக்கொள்வது நல்லது.