கடைப் படம் ஏற்றுவதும் அதற்குக் கையேடு எழுதுவதும்: என் அனுபவம்

2021 தொடக்கத்திலிருந்து கும்பகோணம் பக்கத்துச் சிறு கடைகளுக்கு கூகுள் பிசினஸ் புரொஃபைலில், அதாவது கூகுளில் கடையைத் தேடினால் வரும் அந்தக் கடையின் பக்கத்தில், படம் ஏற்றிக் கொடுத்து வருகிறேன். இப்போது என் கையில் 38 கடைகள். பாத்திரக் கடைகள்தான் அதிகம், அப்புறம் இரண்டு மெஸ், ஒரு பல் மருத்துவமனை. கடைக்காரர்கள் தாங்களே படம் ஏற்றிக்கொள்ளட்டும் என்று தமிழில் ஒரு கையேடும் எழுதி, திருத்திக்கொண்டே இருக்கிறேன்.

இந்தப் பதிவேற்ற வசதி எனக்குப் பிடித்தமானது. காசு கிடையாது, போனிலிருந்தே வேலை முடியும். படம் ஜேபிஜி அல்லது பிஎன்ஜியாக, 10 கேபி முதல் 5 எம்பிக்குள் இருக்க வேண்டும். அகலமும் உயரமும் 720 பிக்சல் இருந்தால் நல்லது, 250-க்குக் கீழே போகக் கூடாது. வீடியோ என்றால் 30 விநாடி, 75 எம்பி வரை போகலாம்.

முதல் கையேட்டை ஸ்கிரீன்ஷாட் ஸ்கிரீன்ஷாட்டாக, 'இந்தப் பட்டனை அழுத்துங்கள், அடுத்து இதை' என்று 14 பக்கத்துக்கு எழுதினேன். 2021 நவம்பரில் 'கூகுள் மை பிசினஸ்' என்ற பெயரே மாறியது. அடுத்த வருடம் தனிச் செயலியும் போய், எல்லாம் கூகுள் தேடலுக்குள்ளும் மேப்ஸுக்குள்ளும் வந்துவிட்டது. என் 14 பக்கத்தில் 11 பக்கம் செல்லாமல் போயின. எழுதிய முறையே தப்பு என்று அப்போதுதான் புரிந்தது. பட்டன் இடம் மாறும். கடைக்காரர் கேட்கிற கேள்வி அவ்வளவாக மாறுவதில்லை.

அதனால் இரண்டு மாதம், போனில் வந்த ஒவ்வொரு கேள்வியையும் அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே நோட்டில் எழுதினேன். இரண்டாவது கையேட்டின் தலைப்புகள் அந்தக் கேள்விகள்தான்.

"ஏம்மா, நேத்து ஏத்துன படத்தைக் காணோமே?" இதுதான் அடிக்கடி வந்தது. கடை உங்களுடையதுதான் என்று கூகுள் செய்யும் சரிபார்ப்பு முடியாமல் படம் வெளியே தெரியாது. முடிந்திருந்தாலும் பரிசீலனையில் சிலநேரம் நிற்கும். திரும்பத் திரும்ப அதையே ஏற்ற வேண்டாம் என்று எழுதினேன். "நான் வெச்ச முகப்புப் படம் ஏன் முன்னாடி வரல?" என்பது அடுத்தது. முகப்புப் படம் என்று நாம் குறிப்பது நம் விருப்பம் மட்டும்தான், அதுதான் முதலில் வரும் என்ற உறுதி இல்லை.

மெஸ் நடத்தும் ஒரு ஐயா கேட்டது மட்டும் மனதைச் சங்கடப்படுத்தியது. "யாரோ சாப்பிட்டு முடிச்ச இலையை எடுத்துப் போட்டுட்டாங்கம்மா, தூக்கிடேன்." வாடிக்கையாளர் போட்ட படத்தை உரிமையாளர் நீக்க முடியாது. விதிமீறல் இருந்தால் புகார் செய்யலாம், அவ்வளவுதான். அன்று அவருக்குச் சொன்ன யோசனையையே கையேட்டிலும் சேர்த்தேன்: பரிமாறிய உடனே, ஆவி பறக்கும்போது, நீங்களே வாரம் ஒரு இலையைப் படமெடுத்து ஏற்றுங்கள்.

கோப்பு விஷயங்களை அரைப் பக்கத்தில் முடித்துவிட்டேன். ஐபோன் படம் ஹெச்இஐசி என்ற கோப்பு வகையாக இருந்தால் ஜேபிஜியாக மாற்றிக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

இடையில், கிளைகள் உள்ள ஒரு கடைக்காக, மொத்தமாகப் படம் ஏற்றித் தரும் வேறொரு நிறுவனத்தின் கருவிக்கு ஒரு வருடச் சந்தா கட்டினேன். அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கிளை எண்களை எக்செல் தாளில் கொடுக்க வேண்டும். 007 என்று அடித்தால் எக்செல் முன்னால் இருக்கும் சைபர்களை விழுங்கி 7 ஆக்கிவிடும். அந்தக் கடையில் 7 என்று வேறொரு கிளையும் இருந்தது. ஒரு கிளையின் 22 படங்கள் இன்னொரு கிளையில் போய் உட்கார்ந்தன, திரையிலோ 'வெற்றி' என்று பச்சை நிறம். தீபாவளிக்கு முந்தைய வாரம், வாடிக்கையாளர்கள் படத்தைப் பார்த்துத் தவறான கிளைக்குப் போய் நின்றார்கள். அந்தக் கருவியின் விளக்கக் குறிப்பில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. எக்செல் தாளில் கிளை எண் வரும் நெடுவரிசையை டெக்ஸ்ட்டாக மாற்றிவிட்டு எண்ணை அடி என்ற ஒரே ஒரு வரி இருந்திருந்தால் போதும். குறிப்பு எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்த நாள் அது. அன்றிலிருந்து, ஏற்றிய பிறகு வேறொரு போனில் கடையைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும் என்பதை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் வைத்திருக்கிறேன்.

போன மாதம் நாச்சியார்கோவிலில் ஒரு குத்துவிளக்குக் கடைக்குப் போனேன். பித்தளையைப் படமெடுப்பது சிரமம். டியூப்லைட் வெள்ளைக் கோடாக விழும், உச்சியில் இருக்கும் அன்னத்தின் கழுத்து வேலைப்பாடு அந்த வெளிச்சத்தில் மறைந்துபோகும். ஆனால் அவர்கள் ஏற்றியிருந்த படங்களில் இறகுக் கோடு வரை தெரிந்தது. எப்படி என்று கேட்டேன். வேலை பார்க்கும் பையன் கல்லாவில் இருந்த என் கையேட்டை எடுத்துக் காட்டினான். ஓரத்தில் பேனாவால் எழுதியிருந்தான்: 'ஃபிளாஷ் வேண்டாம். காலை ஒன்பது மணிக்கு வாசல்ல வெச்சு எடு. பின்னாடி கறுப்புத் துணி.'

நான்காவது கையேட்டில் அதை ஒரு எழுத்தும் மாற்றாமல் சேர்த்துவிட்டேன்.